வாசலில் 186, ஆஸ்பத்திரியில் 112

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர் வீட்டு வாசலுக்கே வந்து விரலில் குத்திப் பார்க்கிறார். கருவியில் 186 என்று வருகிறது. "ஒருநாள் காலையில வெறும் வயித்தோட ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயி ரத்தம் குடுத்துட்டு வந்துடுங்க பெரியம்மா" என்று சொல்லி, சீட்டும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார். நான்கு நாள் கழித்து அங்கே நரம்பில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் 112. "அந்தப் பொண்ணு கொண்டாந்த மிஷின்லதான் கோளாறு. எனக்கு ஏது சுகரு?" என்று பெரியம்மா களையெடுக்கக் கிளம்பிவிடுகிறார்.

இது ஓர் எடுத்துக்காட்டுதான். ஆனால் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் புதிதல்ல. எண்கள் ஆளுக்கு ஆள் மாறும். "மிஷின் பொய் சொல்லுது" என்ற தீர்ப்பு மட்டும் மாறாது.

உண்மையில் இரண்டு எண்களுமே சரியாக இருக்கலாம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன. அதைப் புரிந்துகொள்ள, ஒரு சொட்டு ரத்தம் விரல் நுனியிலிருந்து எண்ணாக மாறும்வரை என்னென்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

முதலில் அடிப்படைக் கேள்வி: நன்றாக நடமாடிக்கொண்டிருப்பவரை ஏன் தேடிப் போய்க் குத்த வேண்டும்? உடம்புக்கு முடியாதபோது அவரே ஆஸ்பத்திரிக்கு வரமாட்டாரா?

நீரிழிவின் பெரிய சிக்கலே இதுதான். ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் உடனே தெரிவதில்லை. சிறுநீரகம் ரத்தத்தை வடிக்கும்போது, அதில் வரும் குளுக்கோஸை வீணாக்காமல் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்கிறது. இந்தத் திறனுக்கு ஒரு வரம்பு உண்டு. பெரும்பாலோரிடம் அது ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு 180 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. இதைச் சிறுநீரக வரம்பு எனலாம். அதைத் தாண்டிய பிறகே சர்க்கரை சிறுநீரில் வழியத் தொடங்கும். அது தண்ணீரையும் கூட இழுத்துக்கொண்டு போகும். அடிக்கடி சிறுநீர், அடங்காத தாகம், உடல் மெலிவு என்று ஊரறிந்த அறிகுறிகள் எல்லாம் அதற்குப் பிறகு வருபவை. கண், சிறுநீரகம், கால் நரம்பு ஆகியவற்றின் நுண்ணிய ரத்தக் குழாய்களோ அதற்கும் கீழான அளவுகளிலேயே பழுதாகத் தொடங்கிவிடுகின்றன.

பிரிட்டனில் 1977-இல் தொடங்கிய பெரிய நீரிழிவு ஆய்வு ஒன்றில், புதிதாக நோய் கண்டறியப்பட்ட 5,102 பேர் சேர்க்கப்பட்டனர். அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு, நோய் இருப்பது தெரியவந்த அன்றே ஏதோ ஒரு பின்விளைவு இருந்தது. மருத்துவரிடம் வந்த நாளுக்குப் பல ஆண்டுகள் முன்பே நோய் தொடங்கிவிட்டது என்று பொருள்.

சிறுநீர் இனிக்கும் என்பது பழங்கால வைத்தியர்களுக்கே தெரியும். 1776-இல் மேத்யூ டாப்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர், அந்த இனிப்பு ரத்தத்தின் நீர்ப்பகுதியிலும் இருப்பதைக் காட்டினார். நோய் சிறுநீரகத்தோடு நிற்பதல்ல, உடல் முழுவதையும் சேர்ந்தது என்பதற்கு அது முதல் தடயம். நோயைச் சீக்கிரம் பிடிக்க வேண்டுமானால் சிறுநீரைப் பார்த்தால் போதாது, ரத்தத்தைத்தான் பார்க்க வேண்டும் என்பதற்கோ மேலே சொன்ன சிறுநீரக வரம்பே காரணம்.

கிராமத்தானுக்கு ஏது சர்க்கரை நோய், அது உட்கார்ந்து சாப்பிடுகிற பட்டணத்துக்காரர்களின் நோய் என்ற நம்பிக்கை இன்னும் பலரிடம் இருக்கிறது. ஒரு காலத்தில் அதில் உண்மையும் இருந்தது. சென்னையைச் சேர்ந்த நீரிழிவு மருத்துவர் ஏ. ராமச்சந்திரனின் குழு 1989-இல் தமிழகக் கிராமப்பகுதியில் ஆராய்ந்தபோது, 100 பேரில் சுமார் இரண்டு பேருக்குத்தான் நீரிழிவு இருந்தது. 2003-இல் மீண்டும் பார்த்தபோது அது ஆறைத் தாண்டிவிட்டது. ஏற்றம் இறைத்த இடத்தில் மோட்டார் வந்தது; நடந்து போன தூரத்துக்கு மோட்டார் சைக்கிள் வந்தது; கேழ்வரகும் கம்பும் இருந்த தட்டில் மூன்று வேளையும் அரிசி வந்தது. பதினான்கே ஆண்டுகளில் நோய் ஏறக்குறைய மூன்று மடங்காகிவிட்டது.

நாடு முழுவதும் 1,13,043 பேரைச் சோதித்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு முடிவுகள் 2023-இல் வெளிவந்தன. நகரங்களில் 16.4 விழுக்காட்டினருக்கும் கிராமங்களில் 8.9 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு. விகிதத்தில் நகரம் முந்தியிருக்கிறது. ஆனால் நாட்டு மக்களில் பெரும்பகுதி கிராமங்களில் இருக்கிறார்கள். பரிசோதனைக்கூடம் எட்டாத தூரத்தில் இருப்பவர்களும், ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வரமுடியாதவர்களும் அவர்களே. கருவி அவர்களைத் தேடிப் போவதற்கான நியாயம் இதுதான்.

அந்தக் கருவிக்குள் என்ன நடக்கிறது? ஸ்ட்ரிப் என்று எல்லோரும் சொல்லும் அந்தச் சின்னப் பட்டையின் நுனியில் ஒரு நொதி உலர்த்திப் பூசப்பட்டிருக்கும். பல ஸ்ட்ரிப்களில் அது குளுக்கோஸ் ஆக்சிடேஸ். ஒருவகைப் பூஞ்சையிலிருந்து எடுப்பது. ரத்தத்தில் ஆயிரக்கணக்கான பொருள்கள் இருந்தாலும் இந்த நொதி குளுக்கோஸை மட்டும் தேடிப் பிடித்து, அதிலிருந்து எலெக்ட்ரான்களைப் பறிக்கும். பறித்ததை இடைத்தரகராக இருக்கும் இன்னொரு வேதிப்பொருளிடம் கொடுக்க, அது பட்டையில் அச்சிட்ட மின்முனையில் கொண்டுபோய்ச் சேர்க்கும். குளுக்கோஸ் அதிகமிருந்தால் மின்னோட்டம் அதிகம். கருவி அளப்பது அந்த மின்னோட்டத்தைத்தான். திரையில் வரும் எண் அதிலிருந்து கணக்கிட்டது.

நொதியையும் மின்முனையையும் சேர்க்கலாம் என்ற யோசனையை 1962-இல் முன்வைத்தவர் அமெரிக்க அறிவியலாளர் லேலண்ட் கிளார்க். 1970-இல் விற்பனைக்கு வந்த முதல் குளுக்கோஸ் கருவி வேறு வழியில் வேலை செய்தது: பட்டையில் தோன்றும் நிறத்தின் அடர்த்தியை ஒளியால் அளந்தது. எடை ஒரு கிலோவுக்கும் மேல். மருத்துவர்களின் அறையில் வைத்துப் பயன்படுத்தியது. 1987-இல் மின்னோட்டத்தை அளக்கும் கருவி பேனா அளவுக்குச் சுருங்கி வந்தது. கிராமத்துத் தெருவில் தோள்பையில் போட்டுக்கொண்டு போக முடிந்தது அதன் பிறகுதான்.

இவ்வளவு நுட்பமான கருவியையும் ஒரு மாம்பழம் ஏமாற்றிவிடும். ஜப்பானில் 2011-இல் வெளியான ஆய்வில், நீரிழிவு இல்லாத தன்னார்வலர்களைப் பழத்தோலை உரிக்கச் சொல்லி, கை கழுவாமல் விரல் ரத்தத்தைச் சோதித்தார்கள். எண்கள் தாறுமாறாக ஏறின. ஸ்பிரிட் பஞ்சால் ஒருமுறை துடைத்த பிறகும் ஏறித்தான் இருந்தன. குழாய்த் தண்ணீரில் கை கழுவிய பிறகே உண்மையான அளவு வந்தது. விரலில் ஒட்டியிருக்கும் பழச்சாறும் வெல்லப் பிசுக்கும் சோதனைக்கு எடுக்கும் துளி ரத்தத்தில் கரைந்தால், அந்தத் துளியின் சர்க்கரை அளவே மாறிவிடுகிறது.

ஆகவே நன்றாகச் சோதிக்கத் தெரிந்த தன்னார்வலர் கருவியை வெளியே எடுப்பதற்கு முன்பே ஒரு சொம்பு தண்ணீர் கேட்பார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாக உலர்த்தச் சொல்வார். ஈரம் இருந்தால் ரத்தம் நீர்த்து எண் குறைந்துவிடும். மோதிர விரலின் நடுச் சதையை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் குத்துவார். அங்கே வலி குறைவு. முதல் துளியைத் துடைத்துவிட்டு அடுத்த துளியை எடுப்பார். விரலைப் பிழியமாட்டார், பிழிந்தால் திசுநீரும் சேர்ந்து வரும். ஸ்ட்ரிப்பை எடுத்த கையோடு டப்பாவை மூடுவார். நொதிக்குக் காற்றின் ஈரம் ஆகாது. மழைக்காலத்தில் திறந்தே கிடந்த டப்பாவை நம்ப முடியாது. குத்திய ஊசியை இன்னொருவருக்குப் பயன்படுத்தவே மாட்டார். இவ்வளவுக்கும் சில நிமிடங்கள்தான். எண்ணின் தரம் அந்தச் சில நிமிடங்களில் இருக்கிறது.

எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் கருவிக்கென்று அனுமதிக்கப்பட்ட ஒரு பிழை உண்டு. 2013-ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தர விதிப்படி, சர்க்கரை 100-க்கு மேல் இருக்கும்போது, 100 அளவீடுகளில் 95 அளவீடுகளாவது பரிசோதனைக்கூட அளவிலிருந்து 15 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். அதன்படி கருவி 186 காட்டினால், உண்மை அளவு ஏறக்குறைய 160-லிருந்து 220-க்குள் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். ரத்தசோகை இருந்தால் இன்னொரு தொல்லை: சிவப்பணுக்கள் குறைந்து நீர்ப்பகுதி கூடுவதால், பல கருவிகள் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். 15-லிருந்து 49 வயதுவரையிலான இந்தியப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால் இது சின்ன விஷயமல்ல.

அப்படியானால் ஆஸ்பத்திரியில் நரம்பில் எடுத்த ரத்தம் தவறே செய்யாதா? செய்யும், எதிர்த்திசையில். சோதனைக் குழாயில் அடைத்த பிறகும் சிவப்பணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. அவை அங்கிருக்கும் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும். சாதாரண வெப்பநிலையில் மணிக்கு ஐந்திலிருந்து ஏழு விழுக்காடு குறையும். எடுக்கும்போது 130 இருந்த ரத்தம், மூன்று மணி நேரம் பெட்டியில் காத்திருந்து நகரத்துப் பரிசோதனைக்கூடம் போய்ச் சேரும்போது 110-க்கும் கீழே இறங்கியிருக்கலாம். இதைத் தடுக்கத்தான் சாம்பல் நிற மூடி போட்ட குழாயில் சோடியம் ஃபுளோரைடு சேர்த்திருக்கிறார்கள். அந்த மருந்தும் உடனே வேலை செய்வதில்லை. முதல் ஒன்றிரண்டு மணி நேரம் இழப்பு நடந்துகொண்டேதான் இருக்கும். ரத்தத்தைக் குளிர்ச்சியில் வைத்து, சிவப்பணுக்களைச் சீக்கிரம் பிரித்துவிடுவதே நல்ல வழி. பரிசோதனைக்கூடம் தூரத்தில் இருக்கும் ஊர்களில், துல்லியமான ஆய்வகத்தின் எண் எளிய கருவியின் எண்ணைவிடக் குறைவாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்கு மேல், விரல் ரத்தமும் நரம்பு ரத்தமும் ஒன்றல்ல. சாப்பிட்ட பிறகு, குளுக்கோஸ் நிறைந்த ரத்தம் முதலில் விரல் நுனியின் நுண்குழாய்களுக்கு வருகிறது. தசைகள் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்ட பிறகே அது சிரைக்கு, அதாவது நாம் நரம்பு என்று சொல்லும் குழாய்க்குப் போகிறது. வெறும் வயிற்றில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. சாப்பிட்ட பின் விரல் ரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக இருக்கும். மேலே சொன்ன தேசிய ஆய்வு விரல் ரத்தத்தைக் கொண்டு நடந்தது. அதனால்தான் அதில் குளுக்கோஸ் நீர் குடித்து இரண்டு மணி நேரத்துக்குப் பிறகான எல்லைக்கோட்டை, வழக்கமான 200-க்குப் பதிலாக 220 என்று வைத்தார்கள்.

இப்போது பெரியம்மாவின் இரண்டு எண்களையும் பார்க்கலாம். வாசலில் சோதித்தது பழைய சோறு சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்து, விரல் ரத்தத்தில். ஆஸ்பத்திரியில் சோதித்தது வெறும் வயிற்றில், நரம்பு ரத்தத்தில். இரண்டும் இருவேறு கேள்விகளுக்கான விடைகள். வெறும் வயிற்றில் 112 என்பது நீரிழிவு இல்லை. ஆனால் இயல்பும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி 110-லிருந்து 125 வரை முன்நீரிழிவுக் கட்டம். சாப்பிட்டபின் 186 என்பதும் அதையே சுட்டுகிறது. இந்தியர்களில் பலருக்கு வெறும் வயிற்று அளவு ஏறுவதற்கு முன்பே உணவுக்குப் பிந்தைய அளவு ஏறிவிடுகிறது. அவருக்கு அடுத்து வேண்டியது 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீரைக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துச் செய்யும் சோதனை. "எனக்குச் சுகர் இல்லை" என்று வீடு திரும்பியவர், நோயைத் தள்ளிப்போட இருந்த நல்ல வாய்ப்பு ஒன்றை நழுவவிட்டுவிட்டார்.

வெறும் வயிற்றில் 126 என்றால் நீரிழிவு என்கிறார்கள். 120 ஏன் இல்லை, 130 ஏன் இல்லை? இந்த எண் வந்த வழி சுவையானது. அமெரிக்காவின் அரிசோனாவில் கீலா ஆற்றங்கரையில் வாழும் பீமா பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக வேளாண்மை செய்தவர்கள். மேற்பகுதியில் குடியேறியவர்கள் ஆற்று நீரைத் திருப்பிக்கொண்டதும் அவர்களுடைய விவசாயம் அழிந்தது, உணவும் உழைப்பும் மாறின, நீரிழிவு பெருகியது. 1965 முதல் அவர்களை அமெரிக்க ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து சோதித்தார்கள். ரத்தச் சர்க்கரையோடு கண்ணின் விழித்திரையையும் பார்த்தார்கள். ஓர் அளவு வரைக்கும் விழித்திரைப் பழுது அரிதாகவே இருந்தது. அதைத் தாண்டியதும் விறுவிறுவென்று ஏறியது. எகிப்திலும் அமெரிக்கப் பொதுமக்களிடமும் நடந்த ஆய்வுகளிலும் இதே போன்ற ஏற்றம் தெரிந்தது. இவற்றை வைத்தே 1997-இல் வல்லுநர் குழு, அதுவரை 140 ஆக இருந்த எல்லையை 126-க்கு இறக்கியது. 126 என்பது விழித்திரை சொன்ன எல்லை. ஆனால் 125-க்கும் 127-க்கும் நடுவே இயற்கை சுவர் எதுவும் எழுப்பவில்லை. தாகமோ மெலிவோ இல்லாத ஒருவரை ஒரே ஒரு சோதனையை வைத்து நீரிழிவுக்காரர் என்று முடிவு செய்யக்கூடாது, இரண்டாவது முறையும் சோதிக்க வேண்டும் என்பது அதனால்தான்.

வாசலில் நடப்பது நோயை உறுதிசெய்யும் சோதனை அல்ல. அதைச் சல்லடைச் சோதனை எனலாம். சல்லடையின் கண் பெரிதாக இருந்தால் கப்பியும் மாவோடு விழுந்துவிடும். சிறிதாக இருந்தால் நல்ல மாவும் மேலேயே தங்கிவிடும். நோயுள்ளவரைத் தவறாமல் பிடிக்கும் ஆற்றலைப் பிடிதிறன் என்றும், நோயில்லாதவரைச் சரியாக விட்டுவிடும் ஆற்றலை விடுதிறன் என்றும் சொல்லலாம். ஒரே சோதனையில் ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும்.

ஒரு கற்பனைக் கணக்கு. ஓர் ஊரில் 1,000 பெரியவர்கள். அவர்களில் 90 பேருக்கு நீரிழிவு. வாசல் சோதனையின் எல்லையைத் தாழ்வாக வைத்தால், நோயுள்ள 100 பேரில் 80 பேரைப் பிடிக்கிறது, நோயில்லாத 100 பேரில் 10 பேரைத் தவறாகப் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிடிபட்டவர்கள் 72 நோயாளிகளும் 91 மற்றவர்களும். சீட்டு வாங்கிய 163 பேரில் பாதிக்கு மேல் நோய் இல்லாதவர்கள்! எல்லையை உயர்த்தினால் வீண் அலைச்சல் குறையும். நோயாளிகளில் பாதியை மட்டும் பிடித்து, மற்றவர்களில் 100-க்கு 2 பேரைத் தவறாகப் பிடித்தால், சீட்டு வாங்குவோர் 63 பேர்தான். அவர்களில் 45 பேருக்கு உண்மையிலேயே நோய் இருக்கும். ஆனால் இன்னும் 45 நோயாளிகள் நிம்மதியாக வீட்டில் இருப்பார்கள். முதல் சோதனை மலிவானது, வலி குறைந்தது. தவறவிட்டால் இழப்போ பெரிது. ஆகவே நம் நாட்டுத் திட்டம் தாழ்வான எல்லையைத் தேர்ந்திருக்கிறது: எப்போது பார்த்தாலும் 140-க்கு மேல் வந்தால் உறுதிப்படுத்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். சீட்டு கையில் வந்தால் "நோய் வந்துவிட்டது" என்று பொருளல்ல. ஆஸ்பத்திரியில் "இல்லை" என்று வந்தால் கருவி ஏமாற்றியது என்றும் பொருளல்ல.

ஊசிக்கும் முன்பே ஒரு சல்லடை பிடிக்க முடியும், அதுவும் ஒரு பைசா செலவில்லாமல். சென்னையின் டாக்டர் வி. மோகனும் அவரது குழுவினரும் 2005-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண்ணுக்கு நான்கே விவரங்கள் போதும்: வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, தாய் தந்தைக்கு நோய் உண்டா என்பது. மொத்தம் 100; 60 அல்லது அதற்கு மேல் வந்தால் அபாயம் அதிகம். ஓர் அளவு நாடாவும் இரண்டு நிமிடப் பேச்சும் இருந்தால் யாருக்கு முதலில் ஸ்ட்ரிப்பைச் செலவழிப்பது என்று தெரிந்துவிடும். நோய் அடர்ந்திருக்கும் கூட்டத்தில் அதே ஸ்ட்ரிப் தவறாகப் பிடிப்பதும் குறையும்.

வெறும் வயிற்றோடு வருவது கூலி வேலைக்குப் போகிறவர்களுக்குப் பெரும்பாடு. அவர்களுக்குத் தோதான சோதனை, மக்கள் "மூணு மாச சுகர்" என்று சொல்லும் ஹெச்பிஏ1சி. ரத்தத்தில் குளுக்கோஸ் கூடக் கூட, அது சிவப்பணுக்களுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் தானாகவே ஒட்டிக்கொள்கிறது. சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். எனவே எத்தனை விழுக்காடு ஹீமோகுளோபினில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால், கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி தெரிந்துவிடும். நேற்று இரவு சாப்பிட்ட லட்டு அதை மாற்றாது. சோதனைக்கு முந்தைய இரண்டு நாள் பட்டினியும் மாற்றாது. நீரிழிவுக்காரர்களின் ஹீமோகுளோபின் வேறுபட்டிருப்பதை 1968-இல் கவனித்தவர் டெஹ்ரானில் பணியாற்றிய ஈரானிய அறிவியலாளர் சாமுவேல் ரஹ்பர். இன்று 6.5 விழுக்காடும் அதற்கு மேலும் நீரிழிவு எனக் கொள்ளப்படுகிறது.

இதற்கும் ரத்தசோகையே எதிரி. இரும்புச்சத்துக் குறைவில் சிவப்பணுக்கள் முதிர்ந்தே உலவுவதால் எண் பொய்யாக உயரலாம்; தலசீமியா போன்ற நிலைகளில் சிவப்பணுக்கள் சீக்கிரமே அழிவதால் பொய்யாகக் குறையலாம். கிராமத்துப் பெண்களுக்கு இந்தச் சோதனையைச் செய்யும்போது ஹீமோகுளோபின் அளவையும் சேர்த்துப் பார்த்தால்தான் முடிவு நம்பத் தகுந்ததாகும்.

இத்தனை சல்லடைகளையும் வைத்து ஒரு வட்டாரத்தையே சோதித்தால் என்ன ஆகும்? இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் சூணாம்பேடு வட்டாரத்தில் அதைச் செய்து பார்த்தார்கள். 42 ஊர்கள்; 27,014 பெரியவர்கள். உள்ளூர் இளைஞர்களைப் பயிற்றுவித்து வீடு வீடாக அனுப்பி, 23,449 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். 4.9 விழுக்காட்டினருக்கு நீரிழிவும் 14.5 விழுக்காட்டினருக்கு முன்நீரிழிவும் இருந்தன. திட்டம் அதோடு நிற்கவில்லை. விழித்திரையைப் படமெடுக்கும் கருவியோடு ஒரு வண்டி ஊர் ஊராகப் போனது. படங்கள் செயற்கைக்கோள் வழியாகச் சென்னை மருத்துவர்களுக்குப் பறந்தன. ஊரிலேயே ஒரு மருத்துவ மையமும் அமைந்தது. ஓராண்டில் நோயாளிகளின் சராசரி மூன்று மாத சுகர் 9.3-லிருந்து 8.5-க்கு இறங்கியது. பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியிருந்தவர்கள் 100-க்கு ஐந்து பேருக்கும் குறைவு.

சோதனை மட்டும் போதும் என்று நினைப்பவர்களுக்கு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பகுதியிலிருந்து ஒரு பாடம் வந்தது. 33 மருத்துவ நிலையங்களின் 20,184 பேரை வைத்து நடந்த ஆய்வில், சில நிலையங்களில் சோதனைக்கு அழைத்தார்கள், சிலவற்றில் அழைக்கவில்லை. ஏறக்குறைய பத்தாண்டுகளுக்குப் பிறகு, 2012-இல் முடிவு வெளியானபோது, இரு தரப்பிலும் இறப்பு விகிதத்தில் வேறுபாடு இல்லை. அந்த நாட்டில் குடும்ப மருத்துவர்கள் வழக்கமான கவனிப்பிலேயே பெரும்பாலான நோயாளிகளைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். சல்லடையில் புதிதாகச் சிக்கியவர்கள் 100-க்கு மூன்று பேர் அளவில்தான். நம் கிராமங்களின் நிலை வேறு. ஆயினும் ஒன்று உறுதி: ஊசி குத்துவதால் மட்டும் எவருடைய ஆயுளும் நீளாது.

குத்திய பிறகு செய்வதால் நீளும். சீனாவின் தாச்சிங் நகரில் 1986-இல் 1,10,660 பேரைச் சோதித்து, முன்நீரிழிவு இருந்த 577 பேரை ஆய்வில் சேர்த்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு ஆறு ஆண்டுகள் உணவிலும் உடற்பயிற்சியிலும் வழிகாட்டினார்கள். 30 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அவர்களுக்கு நீரிழிவு சராசரியாக ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் தள்ளிப்போயிருந்தது. ஆயுள் சுமார் ஒன்றரை ஆண்டு கூடியிருந்தது. இந்தியாவிலும் ராமச்சந்திரன் குழு, முன்நீரிழிவு உள்ள 531 பேரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தது. வழக்கம்போல் விடப்பட்டவர்களில் 100-க்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. நடை, உணவு மாற்றம் என்று வாழ்க்கைமுறையைத் திருத்தியவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. வாசலில் 186 பார்த்த பெரியம்மாவுக்கு மருத்துவம் கொடுக்கக்கூடிய பரிசு அதுதான்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சோதனையோடு மாத்திரையையும் வாசலுக்கே கொண்டுபோனது. 2020-இல் தமிழகத்தில் எடுத்த கணக்கில், நீரிழிவு உள்ளவர்களில் 10.8 விழுக்காட்டினருக்கு மட்டுமே சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. பின்னர் எடுத்த கணக்கில் அது 16.7 விழுக்காடாகியிருக்கிறது. முன்னேற்றம்தான், ஆனாலும் ஆறில் ஐந்து பேருக்கு இன்னும் கட்டுக்குள் இல்லை. ஸ்ட்ரிப் வாங்கும் பணத்தைப் போலவே, சீட்டு வாங்கியவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தாரா என்று தேடிப் போகும் ஆளுக்கும், அங்கே கெடாமல் ரத்தம் எடுத்துச் சோதிக்கும் வசதிக்கும், மாதந்தவறாமல் மாத்திரைக்கும், ஆண்டுக்கொருமுறை கண்ணையும் காலையும் பார்ப்பதற்கும் அரசு செலவிட்டாக வேண்டும். இவற்றில் ஒன்று அறுந்தாலும் வாசலில் எடுத்த சொட்டு ரத்தம் வீண்.

வாசகர் செய்ய வேண்டியதும் உண்டு. 30 வயதைத் தாண்டியவர்கள், தன்னார்வலர் வரும்போது "எனக்கு ஒண்ணுமில்லை" என்று திருப்பி அனுப்பாதீர்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, உலர்த்தி, விரலை நீட்டுங்கள். கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்பதைச் சொல்லி, எண்ணோடு சேர்த்து எழுதி வாங்குங்கள். சீட்டு கொடுத்தால் அந்த வாரத்திலேயே போய்ச் சோதித்துவிடுங்கள். அங்கே எண் குறைவாக வந்தால், இரண்டு எண்களையும் மருத்துவரிடம் காட்டி "இது முன்நீரிழிவா?" என்று கேளுங்கள். ஆம் என்றால் நடையையும் உணவையும் அன்றே மாற்றத் தொடங்குங்கள். ஆண்டுதோறும் தவறாமல் மீண்டும் சோதித்துக்கொள்ளுங்கள்.